ஆறாத புண்ணின் வரலாறு

நோய்களுக்குப் பெயரிட்ட பழங்கால மருத்துவர்கள், தம் கண்ணால் கண்டதையே பெயராக வைத்தார்கள். புற்றுநோய்க்கு மேலை மொழிகளில் வழங்கும் பெயர், 'நண்டு' எனப் பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது. ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் கிரேக்க மருத்துவ நூல்களிலேயே இப்பெயர் காணப்படுகிறது. கட்டிக்கும் நண்டுக்கும் என்ன தொடர்பு? கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் மருத்துவம் செய்த கேலன் இதற்கு விளக்கம் தந்தார். பெண்களின் மார்பில் தோன்றும் கட்டியின் இருபுறமும் இரத்த நாளங்கள் புடைத்து, நண்டின் கால்களைப்போல் விரிந்து கிடப்பதை அவர் பார்த்திருந்தார்.

நம் முன்னோர் இந்நோயைப் 'புற்று' என்றனர். வெளியே ஒரு மேடு. உள்ளே கண்ணுக்குப் புலப்படாத பல வழிகள். கிரேக்கர் கண்ட நண்டின் கால்களும் தமிழர் கண்ட புற்றின் வழிகளும் ஏறத்தாழ ஒன்றையே சுட்டுகின்றன. கட்டி தனித்திருப்பதில்லை, அது தன்னைச் சூழ்ந்த உடலுக்குள் வழி தேடிக்கொள்கிறது.

இந்த உண்மை பெயரிலேயே பொதிந்திருந்தும், மருத்துவ உலகம் அதைப் பொருட்படுத்த ஏறத்தாழ பதினெட்டு நூற்றாண்டுகள் கழிந்தன. கட்டியைச் சூழ்ந்த நாளங்கள் எதற்காக? அவற்றின் அருகே குவிந்து கிடக்கும் வெள்ளை அணுக்கள் யாருக்காக உழைக்கின்றன? இவ்விரு கேள்விகளின் வரலாறு, மார்பகப் புற்றுநோயால் துன்புற்ற எண்ணற்ற பெண்களின் உடலில் எழுதப்பட்ட வரலாறு.

கத்தியின் காலம்

மயக்க மருந்து அறியப்படாத நாள்களில் மார்பகத்தை அகற்றுவது எத்தகைய கொடுமை என்பதற்கு ஒரு பெண்ணின் சாட்சியம் நம்மிடம் உள்ளது. ஆங்கில நாவலாசிரியை ஃபானி பர்னி, 1811 செப்டம்பர் 30 அன்று பாரிஸ் நகரில் இந்த அறுவைக்கு உள்ளானார். நெப்போலியனின் படை மருத்துவரான லாரே கத்தியைப் பிடித்தார். நோவைத் தணிக்கத் தரப்பட்டது மதுக் கலவை மட்டுமே. அவர் மயக்க மருந்தின்றியே அந்த அறுவையைத் தாங்கினார். பல மாதங்களுக்குப் பின், தம் சகோதரிக்கு எழுதிய நெடிய கடிதத்தில் அதனை விவரித்தார். அதை எழுதுவதே அவருக்குப் பெரும் வேதனையாயிருந்தது. பர்னி 1840 வரை உயிர் வாழ்ந்தார்.

1846-இல் ஈதர் என்னும் மயக்க மருந்து அறுவை அரங்கில் நுழைந்தது. அதன் பின் நோயாளி துடிக்கவில்லை. மருத்துவரின் கையும் தயங்கவில்லை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய வில்லியம் ஹால்ஸ்டெட், மார்பகத்தோடு அதன் அடியிலுள்ள மார்புத் தசைகளையும் அக்குள் நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து அகற்றும் பேரறுவையை உருவாக்கினார். ஐம்பது பெண்களின் நிலையை விவரித்து 1894-இல் அவர் வெளியிட்ட அறிக்கை உலகப் புகழ் பெற்றது. நீரில் விழுந்த எண்ணெய்த்துளி விரிவதுபோல், புற்று தான் தோன்றிய இடத்திலிருந்து ஒழுங்காகப் பரவுகிறது. ஆகவே எவ்வளவு அகலமாக வெட்டுகிறோமோ அவ்வளவு நன்மை விளையும் என்பதே அந்த அறுவையின் அடிப்படைக் கருத்து.

அறுத்த இடத்தில் நோய் திரும்புவது குறைந்தது உண்மைதான். ஆனால் எலும்பிலும் கல்லீரலிலும் நோய் தலைகாட்டுவது நிற்கவில்லை. குழிந்த மார்போடும் வீங்கிய கையோடும் எஞ்சிய வாழ்நாளைக் கழித்த பெண்கள் பல்லாயிரவர். எனினும் எண்பது ஆண்டுகள்வரை அந்த முறை பெரும்பாலான மருத்துவமனைகளில் மறுப்பின்றி ஆட்சி செய்தது.

ஹால்ஸ்டெட்டின் அறிக்கைக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே இலண்டனில் வேறொரு குரல் எழுந்திருந்தது. ஸ்டீஃபன் பேஜட் என்னும் மருத்துவர், மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பிணப் பரிசோதனைக் குறிப்புகளைத் தொகுத்து ஆராய்ந்து 1889-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 241 பேருக்குக் கல்லீரலில் நோய் பரவியிருந்தது. மண்ணீரலில் பரவியவர்களோ 17 பேர் மட்டுமே. இரத்தம் இரண்டு உறுப்புகளுக்கும் செல்கிறது. அப்படியிருக்க ஏன் இந்த வேறுபாடு? விதைகள் எத்திசையிலும் சிதறலாம். ஏற்ற நிலத்தில் விழுந்தவையே முளைக்கும் என்று பேஜட் விடை கூறினார். விதையைப்பற்றி எல்லோரும் ஆராய்கிறார்கள். நிலத்தை ஆராய்வாரில்லை என்பது அவர் உள்ளத்திலிருந்த குறை. அக்குரலைச் செவிமடுத்தோர் அன்று மிகச் சிலரே.

நுண்ணோக்கி எழுப்பிய ஐயம்

நிலத்தைப் பார்க்கும் கருவி ஏற்கெனவே கைக்கு வந்திருந்தது. பெர்லின் நகரின் நோய்க்கூறியல் பேரறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ, கட்டிகளை மெல்லிய சீவல்களாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, புற்று உயிரணுக்களுக்கிடையே வெள்ளை அணுக்கள் கூட்டமாக இருப்பதைக் கண்டார். நெடுநாள் அழற்சி உற்ற இடங்களில் புற்று தோன்றுகிறது என்பது 1863-இல் அவர் கொண்ட முடிவு. அதாவது, வெள்ளை அணுக்கள் இருக்குமிடம் புற்றின் பிறப்பிடம்.

இருபது ஆண்டுகள் செல்லுமுன், அதே அணுக்களுக்கு முற்றிலும் வேறான நற்பெயர் கிடைத்தது. 1882-இல் இத்தாலியின் மெசினா கடற்கரையில் தங்கியிருந்த இரஷ்ய விலங்கியலார் எலி மெச்னிகோஃப், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நட்சத்திர மீனின் இளம் உயிரியின் உடலில் தோட்டத்து முட்களைச் செருகி வைத்தார். மறுநாள் காலையில் நுண்ணோக்கியில் பார்த்தபோது, நகர்ந்து செல்லும் அணுக்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன. அந்நியப் பொருளைச் சூழ்ந்து விழுங்கும் காவலர்கள் நம் உடலுக்குள் உள்ளனர் என்ற கருத்து அன்று பிறந்தது. அவ்வணுக்களில் பெரியவை 'மாக்ரோஃபேஜ்', அதாவது பெருவிழுங்கிகள் எனப் பெயர் பெற்றன. 1908-இல் பால் எர்லிக்கோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார் மெச்னிகோஃப்.

இவ்வாறு ஒரே அணுக்கூட்டத்தைப்பற்றி இரண்டு தீர்ப்புகள் எழுந்தன. விர்ச்சோவின் கண்ணில் அவை புற்றின் அண்டை வீட்டார். மெச்னிகோஃபின் கண்ணில் உடலின் காவலர். மார்பகப் புற்றைப் பொறுத்தவரை இரண்டாவது கருத்துக்கு 1949-இல் நல்லதொரு சான்று கிடைத்தது. நியூயார்க்கைச் சேர்ந்த மூர், ஃபூட் என்னும் இருவர், மார்பகப் புற்றின் ஒரு தனி வகையை ஆராய்ந்தனர். நுண்ணோக்கியில் அதன் உயிரணுக்கள் மிகக் கொடியனவாகத் தோன்றின. ஆயினும் அவ்வகை நோயுற்ற பெண்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாக வாழ்ந்தனர். அக்கட்டிகளில் லிம்ஃபோசைட்டு என்னும் சிறிய வெள்ளை அணுக்கள் செறிந்து நிறைந்திருந்தன. காவலர் போரிட்டதன் பயனே இதுவென்று பலரும் எண்ணினர். அந்த எண்ணம் எவ்வளவு உண்மை, எவ்வளவு அவசரம் என்பது பின்னர்தான் விளங்கியது.

கட்டிக்கு உணவு எங்கிருந்து?

நாளங்களைப்பற்றிய கேள்வி மீண்டும் எழுந்தது 1960-களில். அமெரிக்காவைச் சேர்ந்த ஜூடா ஃபோக்மேன் யூத மதகுரு ஒருவரின் மகன். சிறுவயதில் தந்தையோடு மருத்துவமனைகளுக்குச் சென்று நோயாளிகளைக் கண்டவர். இளம் அறுவை மருத்துவராகக் கடற்படையின் ஆய்வுக்கூடமொன்றில் பணியாற்றியபோது, இரத்தத்துக்கு மாற்றாகப் பயன்படும் திரவம் ஒன்றை உருவாக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. உடலிலிருந்து பிரித்தெடுத்த முயலின் தைராய்டு சுரப்பிக்குள் அத்திரவத்தைச் செலுத்தி உயிரோடு வைத்தார். அதற்குள் புற்று உயிரணுக்களையும் இட்டுப் பார்த்தார். கட்டிகள் வளரத் தொடங்கின. ஆனால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவை எட்டியதும் அப்படியே நின்றுவிட்டன. அவற்றை எடுத்து உயிருள்ள எலியின் உடலில் வைத்தபோதோ விரைந்து பெருத்தன.

வேறுபாடு எங்கே இருந்தது? எலியின் உடலில், புதிய இரத்தத் தந்துகிகள் கட்டியை நோக்கி வளர்ந்து உள்ளே நுழைந்தன. தனித்த சுரப்பியில் அது நிகழவில்லை. உயிர்வளியும் உணவும் தந்துகியிலிருந்து மிகச் சிறிய தொலைவுக்கே ஊறிச் செல்லும். அந்த எல்லையைத் தாண்டி வளர வேண்டுமானால் கட்டிக்குப் புதிய குழாய்கள் வேண்டும். ஆகவே கட்டி ஏதோ ஒரு பொருளைச் சுரந்து அக்கம்பக்கத்து நாளங்களை அழைக்கிறது. அந்த அழைப்பைத் தடுத்தால் கட்டி பட்டினி கிடக்கும். 1971 நவம்பர் 18 அன்று, பாஸ்டனிலிருந்து வெளிவரும் புகழ்பெற்ற மருத்துவ இதழில் ஃபோக்மேன் இக்கருத்தை வெளியிட்டார்.

பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. 'கட்டியைச் சுற்றி நாளங்கள் பெருகுவது உண்மையே. அது வெறும் அழற்சி. இறந்துபோன உயிரணுக்களின் கழிவை அகற்ற வெள்ளை அணுக்கள் வருகின்றன. அவற்றோடு நாளங்களும் வருகின்றன. இதில் பொருள் ஏதுமில்லை' என்பது அவர்களுடைய வாதத்தின் சாரம். 'வெறும் அழற்சி' என்ற இந்த இகழ்ச்சிச் சொல்லை வாசகர் நினைவில் கொள்ள வேண்டும். அது மீண்டும் நம் கதையில் வரும்.

ஃபோக்மேனின் குழுவினர் முயலின் கண்ணைத் தம் களமாக்கினர். கண்ணின் முன்னறையிலுள்ள நீரில் மிதக்கவிட்ட கட்டித்துண்டு சிறியதாகவே கிடந்தது. அதே துண்டைக் கருவிழித் திரையின் நாளங்களை ஒட்டி வைத்தபோது, அது நாளங்களை ஈர்த்துப் பெருத்தது. எஞ்சியது அழைப்பு விடுக்கும் பொருளைக் கண்டுபிடிப்பது. 1983-இல் பாஸ்டனில் ஹெரால்ட் டுவோராக்கின் குழுவினர், கட்டிகள் சுரக்கும் ஒரு புரதம் நாளங்களின் சுவரைக் கசியச் செய்வதைக் கண்டனர். 1989-இல் கலிஃபோர்னியாவில் நெப்போலியோன் ஃபெராரா என்னும் இத்தாலியர், நாளங்களை வளரச் செய்யும் புரதம் ஒன்றைப் பிரித்தெடுத்தார். இரண்டும் ஒரே பொருள் என்பது விரைவில் தெளிவாயிற்று. 'விஇஜிஎஃப்' என்ற சுருக்கப் பெயரால் இன்று அறியப்படுவது அதுவே.

மார்பகத் திசுவில் இதன் தடத்தை நேரடியாகக் காட்டியது 1991 சனவரியில் வெளியான ஓர் ஆய்வு. நோயல் வைட்னர் என்னும் நோய்க்கூறியலார், ஃபோக்மேனோடு சேர்ந்து, மார்பகப் புற்றுற்ற 49 பெண்களின் கட்டிகளை எடுத்து, நாளங்களின் உட்சுவருக்கு மட்டும் சாயமேற்றித் தந்துகிகளை எண்ணினார். நோய் வேறு உறுப்புகளுக்கோ நிணநீர்க் கணுக்களுக்கோ பரவியிருந்த பெண்களின் கட்டிகளில், நுண்ணோக்கியின் ஒரு பார்வைப் பரப்பில் சராசரியாக 101 தந்துகிகள் இருந்தன, பரவாதவர்களிடம் 45. கேலன் கண்ட நண்டின் கால்கள் எண்ணிக்கைக்குள் வந்துவிட்டன. எனினும் பிற்கால ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைத் தரவில்லை. எனவே தந்துகி எண்ணிக்கை அன்றாடப் பரிசோதனையாக நிலைபெறவில்லை.

காவலரா, கையாட்களா?

கசியும் நாளத்தைக் கண்ட டுவோராக், 1986-இல் ஒரு கட்டுரை எழுதினார். புற்றுக்கட்டிகளை 'ஆறாத புண்கள்' என்று அவர் அதன் தலைப்பிலேயே அழைத்தார். இந்த நூற்றாண்டுக் கால ஆராய்ச்சியின் நடுவே மிகுந்த ஒளி தந்த சொல் அதுவென்று கூறலாம்.

காலில் கல் குத்திக் காயமாகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் நாளங்கள் கசிந்து இரத்தம் உறைகிறது. பின்னர் வெள்ளை அணுக்கள் வருகின்றன. பெருவிழுங்கிகள் சிதைவுகளை உண்டு இடத்தைத் துப்புரவு செய்கின்றன. அதோடு நில்லாமல், சேதமுற்ற திசுவுக்கு உணவு சேர்க்கும்படி நாளங்களை அழைக்கும் பொருள்களையும் சுரக்கின்றன. புதுத் தந்துகிகள் துளிர்க்கின்றன. தழும்புத் திசு வளர்கிறது. வேலை முடிந்ததும் எல்லோரும் கலைந்து செல்கிறார்கள்; மிகையான தந்துகிகள் மறைகின்றன. இதுவே குணமாதல்.

புற்றுக்கட்டியிலும் இதே ஆட்கள், இதே வேலைகள். ஆனால் கலைந்து செல்லும் நேரம் வருவதே இல்லை. கட்டி ஓயாமல் 'காயம், காயம்' என்று குரல் எழுப்புகிறது. அக்குரலைக் கேட்டு உடல் தன் இரக்கத்தையெல்லாம் அங்கே கொட்டுகிறது.

1996-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 101 பெண்களின் மார்பகக் கட்டிகளை ஆராய்ந்தபோது, பெருவிழுங்கிகள் மிகுந்த கட்டிகளில் தந்துகிகளும் மிகுந்திருந்தன. அப்பெண்களின் வாழ்நாளும் குறைவாயிருந்தது. 2001-இல் நியூயார்க்கில் ஜெஃப்ரி பொல்லார்டின் குழுவினர், பெருவிழுங்கிகளை வரவழைக்கும் ஒரு புரதம் இல்லாத எலிகளை உருவாக்கினர். அவற்றுக்கும் மார்பகக் கட்டி வந்தது; ஆனால் அது முற்றி நுரையீரலுக்குப் பரவுவது மிகவும் தாமதித்தது. கட்டியில் தந்துகிகள் திடீரெனப் பெருகும் கட்டத்தைப் பெருவிழுங்கிகளே தூண்டுகின்றன என்பதை அதே குழுவினர் 2006-இல் காட்டினர். 2009-இல் மனித மார்பகத் திசுவிலும் ஒரு காட்சி அடையாளம் காணப்பட்டது. புற்று உயிரணு ஒன்று, பெருவிழுங்கி ஒன்று, நாளச் சுவரின் அணு ஒன்று ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் இடங்கள் அவை. அவ்வழியாகவே புற்று உயிரணு இரத்தத்துக்குள் நுழைகிறது. அத்தகைய இடங்கள் மிகுந்த கட்டிகளை உடைய பெண்களுக்கு நோய் பரவும் அபாயம் மிகுதியாயிருந்தது.

'வெறும் அழற்சி' என்று ஃபோக்மேனை இகழ்ந்தவர்கள் ஒரு வகையில் உண்மையைத் தொட்டிருந்தனர். அழற்சி அங்கே இருந்தது; ஆனால் அது 'வெறும்' அழற்சியாக இல்லை. நாளங்களுக்கும் வெள்ளை அணுக்களுக்கும் தனித்தனி வரலாறு எழுதிவந்த மருத்துவம், இரண்டும் ஒரே வரலாறு என்பதை உணர்ந்தது.

நம்பிக்கையும் தீர்ப்பும்

ஆய்வுக்கூடத்தின் அறிவு மருந்தாக மாறும்போது, அதன் உண்மை பெண்களின் வாழ்நாளில் அளக்கப்படுகிறது. விஇஜிஎஃப் புரதத்தைப் பிடித்து முடக்கும் 'பெவாசிசுமாப்' என்ற மருந்து 2004-இல் பெருங்குடல் புற்றுக்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பின்னர் உடலெங்கும் பரவிய மார்பகப் புற்றிலும் அது சோதிக்கப்பட்டது. வழக்கமான மருந்தை மட்டும் பெற்ற பெண்களுக்கு நோய் மேலும் முற்றாமல் இருந்த காலம், நடுமதிப்பில் 5.9 மாதம், இதையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 11.8 மாதம். அந்த இரு மடங்கு பெரும் நம்பிக்கையை விதைத்தது. 2008 சனவரியில் ஃபோக்மேன் விமான நிலையமொன்றில் மாரடைப்பால் காலமானார். அடுத்த மாதமே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், மேலும் சான்று தரவேண்டும் என்ற நிபந்தனையோடு, மார்பகப் புற்றுக்கு அம்மருந்தை ஒப்புக்கொண்டது.

ஆனால் அந்த முதல் ஆய்விலேயே ஓர் எச்சரிக்கை இருந்தது. நோய் முற்றும் காலம் தள்ளிப்போனதே தவிர, பெண்கள் வாழ்ந்த மொத்தக் காலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பிந்திய ஆய்வுகளில் தள்ளிப்போன காலமும் சுருங்கிவிட்டது. மிகை இரத்த அழுத்தம், இரத்தப்போக்கு, குடலில் துளை விழுதல் முதலிய தீங்குகள் மறுபுறம் இருந்தன. 2011 சூனில் இரண்டு நாள் பொது விசாரணை நடந்தது. அம்மருந்தால்தான் உயிரோடிருப்பதாக நம்பிய பெண்கள் நேரில் வந்து, அதைப் பறிக்க வேண்டாம் என்று மன்றாடினர். அவர்களது கண்ணீர் உண்மையானது. ஆய்வுகளின் எண்களும் உண்மையானவை. 2011 நவம்பர் 18 அன்று, மார்பகப் புற்றுக்கான ஒப்புதல் திரும்பப் பெறப்பட்டது. ஃபோக்மேனின் கட்டுரை வெளியாகி அன்றோடு சரியாக நாற்பது ஆண்டுகள் நிறைந்திருந்தன. ஐரோப்பாவில் குறிப்பிட்ட மருந்துச் சேர்க்கைகளில் மட்டும் அதன் பயன்பாடு தொடர்ந்தது.

இந்த முடிவைக் கொடுமை என்று சிலர் கூறினர். ஹால்ஸ்டெட்டின் பேரறுவையை இங்கே நினைத்துப் பார்ப்பது நலம். அது எண்பது ஆண்டுகள் நிலைத்தது முறையான சோதனையின் வலிமையால் அன்று, பெருமருத்துவர்களின் அதிகாரத்தால். ஃபோக்மேன் தம் கட்டுரையை வெளியிட்ட அதே 1971-இல், பிட்ஸ்பர்க் நகரின் பெர்னார்ட் ஃபிஷர் தலைமையில் அந்த அறுவையைச் சோதிக்கும் ஆய்வு தொடங்கியது. 1,600-க்கும் மேற்பட்ட பெண்கள் அதில் பங்கேற்றனர். இருபத்தைந்து ஆண்டு முடிவுகள் 2002-இல் வெளிவந்தபோது, தசைகளையும் அகற்றிய பெண்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக வாழவில்லை என்பது உறுதியாயிற்று. ஒரு தவறான நம்பிக்கையைத் திருத்த அன்று எண்பது ஆண்டுகள் ஆயின; பின்னதைத் திருத்த நான்கு ஆண்டுகள் போதுமாயின. தயங்காமல் சோதிப்பதும், சோதித்ததன் முடிவுக்குத் தலைவணங்குவதும் இடைக்காலத்தில் மருத்துவம் கற்ற நற்பழக்கங்கள். தம் உடலையே சோதனைக்கு ஒப்படைத்த பெண்கள் கற்பித்த பாடம் அது.

அடைபட்ட வழிகள்

நாளங்களை அழிப்பது ஏன் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை? பாஸ்டனில் பணியாற்றும் இந்திய வம்சாவளி அறிஞர் ராகேஷ் ஜெயின் 2001-இல் ஒரு மாற்றுக் கருத்தை முன்வைத்தார். கட்டியின் நாளங்கள் கோணலும் கசிவும் உடையவை. ஒழுங்கற்றுப் பின்னிக் கிடப்பவை. கசிந்த நீரால் கட்டிக்குள் அழுத்தம் மிகுகிறது. அதனால் மருந்து உள்ளே செல்வதில்லை. போரிட வரும் லிம்ஃபோசைட்டுகளும் எளிதில் நுழைவதில்லை. நாளங்களை முற்றிலும் அழித்தால் உள்ளே உயிர்வளி இன்னும் குறையும். உயிர்வளி குறைந்த இடத்தில் புற்று மேலும் முரடாகும். ஆகவே நாளங்களை அழிப்பதைவிட ஒழுங்குபடுத்துவதே நலம் என்பது அவர் கருத்து. விஇஜிஎஃப் புரதத்துக்கு மற்றொரு தீய முகமும் உண்டு. பகைவனின் அடையாளத்தை லிம்ஃபோசைட்டுகளுக்குக் கற்பிக்கும் அணுக்கள் முதிர்ச்சியடையாதபடி அது தடுக்கிறது என்று 1996-இலேயே கண்டறியப்பட்டிருந்தது. நாளங்களுக்கு விடுக்கும் அழைப்பே காவலருக்கு இடும் வாய்ப்பூட்டாகவும் ஆகிறது.

1949-இல் கண்ட காட்சிக்கு இப்போது புதிய பொருள் கிடைத்தது. லிம்ஃபோசைட்டுகள் கட்டிக்குள் நுழைந்திருப்பது நற்குறிதான். ஆனால் எல்லா வகை மார்பகப் புற்றிலும் ஒரே அளவில் அன்று. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்-2 ஆகிய மூன்றின் ஏற்பிகளும் இல்லாத வகை கடினமானது; இளம் பெண்களையும் மிகுதியாகத் தாக்குவது. அவ்வகையில்தான் இக்குறி மிகத் தெளிவாக இருந்தது. கட்டியிலுள்ள லிம்ஃபோசைட்டுகளை எப்படி மதிப்பிடுவது என்பதற்குப் பன்னாட்டு அறிஞர் குழு ஒன்று 2014-இல் பொது நெறி வகுத்தது.

உள்ளே நுழைந்த காவலரும் சில வேளைகளில் கைகட்டி நிற்பது ஏன் என்பதற்கும் விடை கிடைத்தது. நம் உடலை நாமே அழித்துவிடாதபடி லிம்ஃபோசைட்டுகளுக்கு இயற்கை தடைக்கட்டைகளைப் பூட்டியுள்ளது. புற்று அக்கட்டைகளை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. இத்தடைகளை விடுவிக்கும் வழியைக் காட்டிய ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹோஞ்சோ ஆகியோருக்கு 2018-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மேற்சொன்ன மூன்று ஏற்பிகளும் இல்லாத மார்பகப் புற்று, தொடக்க நிலையிலேனும் பரவும் அபாயம் உடையதாக இருந்தால், 'பெம்ப்ரோலிசுமாப்' என்ற தடைநீக்கி மருந்தை வேதிமருந்தோடு சேர்த்துத் தரலாம் என 2021 சூலையில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. 1,174 பேர் பங்கேற்ற ஆய்வில், ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அம்மருந்தையும் பெற்றவர்களில் 86.6 விழுக்காட்டினரும், வேதிமருந்தை மட்டும் பெற்றவர்களில் 81.7 விழுக்காட்டினரும் உயிரோடிருந்தனர். அந்த வேறுபாடு ஐந்து விழுக்காடுதான். எனினும் நூறு குடும்பங்களில் ஐந்து தாய்மார் என்று எண்ணிப்பார்த்தால் அதன் அளவு விளங்கும்.

இங்கும் மெய்யான விலை உண்டு. தடை நீங்கிய காவலர் சிலரது தைராய்டையும் குடலையும் நுரையீரலையும் தாக்குகின்றனர்; அத்தீங்குகளில் சில வாழ்நாள் முழுவதும் நீடிப்பவை. இதே நோய்வகைக்கு 2019-இல் அமெரிக்காவில் நிபந்தனையோடு ஒப்புக்கொள்ளப்பட்ட மற்றொரு தடைநீக்கி மருந்து, பிந்திய ஆய்வு துணைநிற்காததால் 2021-இல் அந்நாட்டில் அந்நோய்க்கான பட்டியலிலிருந்து விலக்கப்பட்டது. சோதித்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் பழக்கம் இங்கும் காக்கப்பட்டது.

நமக்குச் சொல்வது

கேலனின் நண்டைத் திரும்ப ஒருமுறை நோக்குவோம். அதன் கால்கள் என்று அவர் எண்ணியவை கட்டியின் உறுப்புகள் அல்ல. அந்தப் பெண்ணின் சொந்த நாளங்கள். நுண்ணோக்கியின் கீழ் கட்டியைச் சூழ்ந்து நின்றவையும் அவளுடைய சொந்த அணுக்களே. புற்று புதிய படையொன்றைக் கொண்டுவருவதில்லை. காயத்தை ஆற்றுவதற்காக உடல் வைத்திருக்கும் கருணையைத் தன்பக்கம் திருப்பிக்கொள்கிறது. ஆகையால்தான், நாளங்களை முழுப் பகையென்று கருதிய மருத்துவமும், வெள்ளை அணுக்களை முழு நட்பென்று கருதிய மருத்துவமும் பாதி வழியில் நின்றன. ஒரே பெருவிழுங்கி, ஒரு வேளை காவலனாகவும் மறுவேளை கையாளாகவும் நிற்கக்கூடும். அது எவ்விடத்தில், யாருடைய குரலைக் கேட்டு நிற்கிறது என்பதைப் பொறுத்தே அதன் செயல் அமைகிறது.

'இவன் நண்பன், இவன் பகைவன்' என்று விரைந்து தீர்ப்பிடும் ஆசை மருத்துவத்துக்கு மட்டும் உரியதன்று. ஆனால் மருத்துவத்தில் அந்த அவசரத்துக்கான விலையைத் தீர்ப்பிட்டவர் கொடுப்பதில்லை. படுக்கையில் கிடப்பவர் கொடுக்கிறார். குழிந்த மார்போடு வாழ்ந்த பெண்களும், பயனற்ற மருந்தின் தீங்கைத் தாங்கிய பெண்களும் அவ்விலையைக் கொடுத்தார்கள். அவர்களில் பலரது பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. 735, 49, 101, 1,600 என்ற எண்களாக மட்டுமே அவர்கள் நம்மிடம் எஞ்சியிருக்கிறார்கள்.

இன்று ஒரு பெண்ணின் மார்பிலிருந்து எடுத்த சிறு திசு கண்ணாடித் தகட்டில் ஏறும்போது, அதைப் பார்க்கும் மருத்துவர் புற்று உயிரணுவை மட்டும் பார்ப்பதில்லை. அதைச் சூழ்ந்துள்ள நிலத்தையும் பார்க்கிறார். பேஜட் விரும்பியது அதுவே. அந்தப் பார்வையைப் பெற்றுத்தந்தவர்கள் அந்த எண்களுக்குள் மறைந்திருக்கும் பெண்கள் என்பதை நாம் மறவாதிருப்போம்.